அண்ணன் செய்த கருவி, தம்பி பார்த்த கிருமி!

உங்கள் வீட்டில் "அதைத் தொடாதே!" என்று சொல்லி வைத்திருக்கும் பொருள் ஏதாவது இருக்கிறதா, குட்டி நண்பர்களே? அப்பாவின் கேமரா, தாத்தாவின் பழைய ரேடியோ, அக்காவின் லேப்டாப்... ஏதோ ஒன்று கட்டாயம் இருக்கும். யாரும் இல்லாத நேரம் பார்த்து அதன் பக்கத்தில் போய் நின்று, தொடலாமா வேண்டாமா என்று யோசித்ததும் உண்டுதானே?

நூறு ஆண்டுகளுக்கும் முன்னால், ஜெர்மனியில் ஹைடெல்பெர்க் என்ற ஊரில் இருந்த ஒரு வீட்டிலும் அப்படி ஒரு பொருள் இருந்தது. ஜைஸ் கம்பெனி செய்த பெரிய நுண்ணோக்கி அது. மரப்பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். வீட்டுக்காரர் ஜூலியஸ் ருஸ்கா, பழைய காலத்து அறிவியல் நூல்களை ஆராய்ந்தவர். அவருக்கு ஏழு பிள்ளைகள். மனம் வந்தால் அவரே பெட்டியைத் திறந்து, எதையாவது வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவார். ஆனால் குமிழைத் திருக மட்டும் யாரையும் விடமாட்டார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் நுண்ணோக்கியைத் தொட்டவர்களுக்குக் காரணம் தெரியும். கொஞ்சம் அதிகமாகத் திருகினால் போதும், லென்ஸ் கீழே இறங்கி 'டக்'கென்று கண்ணாடித் துண்டை உடைத்துவிடும். அப்புறம் ஆசிரியரின் முகத்தைப் பார்க்க முடியாது!

அந்த ஏழு பேரில் ஐந்தாவது பிள்ளை எர்ன்ஸ்ட் ருஸ்கா. 1906-ம் ஆண்டு டிசம்பர் 25 அன்று பிறந்தவர். அவருக்கு ஒன்றரை வயது இளையவர் தம்பி ஹெல்மட். அண்ணன் மின் பொறியியல் படித்தார். தம்பி டாக்டருக்குப் படித்தார். அப்பா தொடவிடாத நுண்ணோக்கியை விடப் பல மடங்கு சக்தி வாய்ந்த ஒன்றை அண்ணன் உருவாக்க, அது குப்பைக்குப் போகாமல் காப்பாற்றியவர் தம்பி. அந்தக் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

முழங்கையால் நாணயம் பார்க்கலாமா?

முதலில் ஒரு சின்ன சோதனை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நாணயத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். எண், எழுத்து, சிங்கமுகம் எல்லாம் புடைத்திருப்பது தெரியும். இப்போது அதே நாணயத்தை முழங்கையால் தடவுங்கள். ஏதோ வட்டமாக, வழவழவென்று இருக்கும். அவ்வளவுதான்! நாணயம் மாறவில்லை. தடவிப் பார்த்த உறுப்புதான் தடிமனாகிவிட்டது.

நாம் பொருள்களைப் பார்ப்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஒளி ஓர் அலை. ஓர் அலை மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் உள்ள தூரத்தை அலைநீளம் என்பார்கள். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக வெட்டினால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். இவ்வளவு சிறிய அலையாக இருந்தும், அதற்கும் ஓர் எல்லை உண்டு. சுமார் 200 நானோமீட்டருக்கும் நெருக்கமாக இரண்டு புள்ளிகள் இருந்தால், சாதாரண நுண்ணோக்கியில் அவை ஒட்டிக்கொண்டு ஒரே புள்ளியாகத் தெரியும். 1873-ல் ஜெர்மானிய விஞ்ஞானி எர்ன்ஸ்ட் அபே இதை விளக்கினார். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸ் போட்டாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியவில்லை. மங்கலான போட்டோவை செல்போனில் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கல்தான் பெரிதாகும்!

"அதனால் என்ன, அவ்வளவு சின்னது நமக்கு எதற்கு?" என்று கேட்கிறீர்களா? அந்த எல்லைக்கு அப்பால்தான் வைரஸ்கள் ஒளிந்திருந்தன.

புகையிலைச் செடியின் இலைகளில் திட்டுத் திட்டாக நிறம் மாறும் ஒரு நோய் உண்டு. 1892-ல் ரஷ்யாவில் இவனோவ்ஸ்கி என்பவர் நோய் வந்த இலையின் சாற்றைப் பீங்கான் வடிகட்டியில் வடிகட்டினார். பாக்டீரியாக்கள்கூட அதில் தங்கிவிடும். ஆனாலும் வடிகட்டிய சாறு பட்ட செடிக்கு நோய் வந்தது! சாற்றில் இருப்பது என்ன? 1898-ல் ஹாலந்து விஞ்ஞானி பைஜெரின்க், உயிருள்ள ஏதோ ஒரு திரவம் என்றே கருதினார். அது துகளா, திரவமா, எப்படி இருக்கும்? யாருக்கும் தெரியாது. போலியோ, பெரியம்மை எல்லாம் இப்படிப்பட்ட கண்ணுக்குத் தெரியாத எதிரிகளால் வந்தவைதான். எதிரியின் முகத்தையே பார்க்காமல் மருத்துவர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள்.

மின்னலில் தொடங்கியது

எர்ன்ஸ்ட் ருஸ்கா இந்த வைரஸ்களை நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கவில்லை என்பதுதான் வேடிக்கை. அவர் பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் உயர் மின்னழுத்த ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே மாக்ஸ் நோல் என்ற பொறியாளரின் தலைமையில் ஒரு சிறிய குழு. அவர்கள் கவலைப்பட்டது மின்கம்பிகளைப் பற்றி! மின்கம்பியில் மின்னல் விழுந்தால் மின்சாரம் கண்மூடித் திறப்பதற்குள் எகிறும். அதைப் பதிவு செய்ய, எலக்ட்ரான் கதிரைப் பேனா போலப் பயன்படுத்தும் ஒரு கருவி இருந்தது. பேனா முனை கூர்மையாக இருந்தால்தானே எழுத்து தெளிவாக இருக்கும்? எலக்ட்ரான் கதிரை ஒரே புள்ளியில் குவிப்பது எப்படி என்பதைக் கண்டுபிடிக்கும் வேலை மாணவர் ருஸ்காவுக்கு வந்தது.

கண்ணாடி லென்ஸ் இதற்கு உதவாது. எலக்ட்ரான் அதற்குள் நுழைந்து போகாது. ஆனால் எலக்ட்ரானுக்கு மின்னூட்டம் இருப்பதால் காந்தம் அதை வளைக்கும். கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ச்சினால் அது காந்தமாகும் என்று படித்திருப்பீர்கள். அந்தச் சுருளின் நடுவே எலக்ட்ரான்களை அனுப்பினால், கண்ணாடி லென்ஸ் ஒளியைக் குவிப்பது போலவே சுருள் எலக்ட்ரான்களைக் குவிக்கும் என்று ஹான்ஸ் புஷ் என்ற இயற்பியலாளர் 1926, 1927-ம் ஆண்டுகளில் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். ருஸ்கா அந்தக் கணக்கைச் செய்து பார்த்தார். சரியாக வந்தது!

இங்கேதான் அந்த நல்ல கேள்வி பிறந்தது. சுருள் ஒரு லென்ஸ் என்றால், இரண்டு சுருள்களை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தால் என்ன? இரண்டு லென்ஸ் வைத்தால் நுண்ணோக்கி ஆகிவிடுமே!

1931-ம் ஆண்டு ஏப்ரல் 7. நோலும் ருஸ்காவும் இரண்டு சுருள்களை வைத்து, ஓர் உலோகக் கம்பி வலையின் பெரிதாக்கிய படத்தைத் திரையில் விழ வைத்தார்கள். எத்தனை மடங்கு தெரியுமா? இருபது மடங்குகூட இல்லை! கடையில் விற்கும் விளையாட்டு நுண்ணோக்கியே இதைவிட நன்றாகக் காட்டும். ஆனால் எலக்ட்ரான்களைக் கொண்டு, இரண்டு லென்ஸ்களால் ஒரு படத்தைப் பெரிதாக்க முடியும் என்பது உறுதியாகிவிட்டது. அந்த ஆண்டு ஜூன் மாதம் நோல் இதைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். உரையின் தலைப்பில் 'நுண்ணோக்கி' என்ற சொல்லே கிடையாது.

அந்த உரைக்குச் சில நாள் முன்பாக இன்னொரு சம்பவம் நடந்தது. சீமென்ஸ் கம்பெனியின் பொறியாளர் ரூடன்பெர்க், எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்துவிட்டார். அவருடைய சின்ன மகனுக்குப் போலியோ வந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கிருமியைப் பார்க்க ஏதாவது வழி உண்டா என்று யோசித்ததில் வந்த எண்ணம் என்று சொல்வார்கள். அவர் யூதர் என்பதால் நாஜிகளின் ஆட்சியில் 1936-ல் ஜெர்மனியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. யார் முதலில் என்ற சண்டை பல ஆண்டுகள் நீடித்தது. என்னைக் கேட்டால், ஓர் அப்பாவின் கவலையைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனாலும் அவர் கருவி எதையும் செய்யவில்லை. கம்பி சுற்றி, குழாய் பொருத்தி, படத்தை விழ வைத்தவர்கள் நோலும் ருஸ்காவும்தான்.

ஏமாற்றமும் ஒரு கணக்கும்

இந்த இடத்தில் ருஸ்காவுக்கு ஒரு பேரிடி காத்திருந்தது. எலக்ட்ரான் ஒரு துகள். அலைநீளம் என்ற பேச்சே இல்லை. எனவே எல்லையும் இல்லை என்று அவர் நம்பியிருந்தார். ஆனால் பிரான்ஸ் நாட்டு இயற்பியலாளர் டி பிராக்லி 1924-லேயே எலக்ட்ரானும் அலை போல நடந்துகொள்ளும் என்று எழுதியிருந்தார். அது ருஸ்காவுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அடடா, மறுபடியும் அலையா, மறுபடியும் எல்லையா என்று அவர் மிகவும் சோர்ந்து போனார். அதைப் பிற்காலத்தில் அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

சோர்ந்து உட்கார்ந்துவிடாமல், டி பிராக்லியின் சூத்திரத்தில் எண்களைப் போட்டு அலைநீளம் எவ்வளவு என்று பார்த்தார். ஒளியின் அலைநீளத்தை விட அது சுமார் லட்சம் மடங்கு சிறியது! முழங்கைக்குப் பதில் விரல் நுனிகூட அல்ல, ஊசி முனையே கிடைத்துவிட்டது.

அடுத்து லென்ஸைச் சக்தி வாய்ந்ததாக்க வேண்டும். ருஸ்காவும் அவருடைய நண்பர் போடோ ஃபான் போரிஸும் சுருளை இரும்பு உறையால் மூடி, உள்ளே ஒரு குறுகிய இடைவெளி மட்டும் விட்டார்கள். காந்த விசை முழுவதும் அந்த இடைவெளியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. மாதம் 100 மார்க் உதவித்தொகை. ஆராய்ச்சிச் செலவும் அதில்தான், சாப்பாடும் அதில்தான். 1933-ம் ஆண்டு முடிவதற்குள் ருஸ்காவின் புதிய கருவி 12,000 மடங்கு பெரிதாக்கியது. ஒளியால் இயங்கும் எல்லா நுண்ணோக்கிகளையும் அது முந்திவிட்டது!

பார்த்தால் எரிந்துவிடும்!

உடனே உலகமே ஓடி வந்து கைகொடுத்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை, நண்பர்களே.

பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைக் கருக்கியிருக்கிறீர்களா? (வீட்டுக்குத் தெரியாமல் செய்திருந்தால் நான் கேட்கவே இல்லை!) எலக்ட்ரான் கதிரைக் குவித்தபோதும் அதுதான் நடந்தது. ருஸ்கா ஒரு பருத்தி இழையை வைத்துப் பார்த்தார். கருகிக் கரியாயிற்று. அந்தக் கரியின் படம் அழகாக விழுந்தது!

இன்னொரு தொல்லையும் இருந்தது. திருவிழாக் கூட்டத்தில் நேராக ஓட முடியுமா? இடித்து இடித்துத் திசை மாறிப் போவோம். காற்றில் எலக்ட்ரானின் கதியும் அதுதான். ஆகவே கருவிக்குள் இருக்கும் காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்து வெற்றிடமாக்க வேண்டும். வெற்றிடத்தில் ஈரமான எதுவும் நொடியில் காய்ந்துவிடும். உயிருள்ள ஒன்றைக் காய வைத்து, எரித்து, அப்புறம் பார்ப்பதில் என்ன பயன் என்று படித்தவர்களே கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

ருஸ்காவிடம் பதில் இருந்தது. பொருள் தடிமனாக இருந்தால்தான் எலக்ட்ரான்களைத் தடுத்து நிறுத்திச் சூடாகும். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லியதாக இருந்தால், எலக்ட்ரான்கள் லேசாகத் திசை மாறி ஊடுருவிப் போய்விடும். சூடும் மிகக் குறைவு. அப்படித் திசை மாறியதே படத்தை உண்டாக்கப் போதும். இப்படி அவரும் ஃபான் போரிஸும் எடுத்துச் சொன்னார்கள். யாரும் பணம் தர முன்வரவில்லை.

வயிற்றுப்பாடு என்று ஒன்று இருக்கிறதே! நோல் 1932-லேயே டி.வி. ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். 1933 டிசம்பரில் ருஸ்காவும் ஒரு டி.வி. கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். பெட்டி போல் கனமாக இருந்த பழைய டி.வி.க்களைப் பாட்டி வீட்டில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் படம் வரைந்ததும் இதே எலக்ட்ரான் கதிர்தான். பகலில் டி.வி., மற்ற நேரங்களில் நண்பருடன் சேர்ந்து ஒவ்வொரு கதவாகத் தட்டுவது. அரசு அலுவலகம், தொழிற்சாலை என்று சுமார் மூன்று ஆண்டுகள் இப்படியே ஓடின. இதற்கிடையே 1934-ல் பெல்ஜியத்தில் மார்ட்டன் என்பவர், தாமே செய்த எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு செடியின் இலைத் துணுக்கைப் படம் எடுத்துவிட்டார். வழி இருக்கிறது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

தம்பி வந்தான்!

ஹெல்மட் இதற்குள் டாக்டராகிவிட்டார். பொறியாளர்களுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி ஒரு விந்தைப் பொருள். ஒரு டாக்டருக்கோ அது கிருமிகளின் நாட்டுக்குள் போகும் வாசல். தம்பிக்கு அண்ணனை விட அதிக நம்பிக்கை என்றுகூடச் சொல்லலாம். அவர் பெர்லினின் புகழ்பெற்ற ஷாரிட்டே மருத்துவமனையில் தம் ஆசிரியராக இருந்த பேராசிரியர் ஸீபெக்கிடம் போய் எடுத்துச் சொன்னார். 1936 அக்டோபரில் ஸீபெக் ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தார். இந்தக் கருவி வந்தால் நோய்களின் காரணங்களை ஆராய அது பெரிதும் உதவும் என்று அவ்வளவு பெரிய மருத்துவரே எழுதித் தந்ததும் காற்று திசை மாறியது.

1937-ல் சீமென்ஸ் கம்பெனி பெர்லினின் ஸ்பாண்டாவ் பகுதியில் ருஸ்காவுக்கும் ஃபான் போரிஸுக்கும் ஓர் ஆய்வகம் அமைத்துக் கொடுத்தது. அதே ஆண்டு ஃபான் போரிஸ் ருஸ்காவின் தங்கை ஹெட்விக்கைத் திருமணம் செய்துகொண்டார். நண்பர் மாப்பிள்ளையானார்! 1938-ல் 30,000 மடங்கு பெரிதாக்கும் கருவி தயாரானது. 1939-ல் விற்பனைக்கும் வந்துவிட்டது.

தம்பி சும்மா இருப்பாரா? அண்ணனின் கருவியை வைத்து வைரஸ்களைத் தேடினார். வைரஸ் தானாகவே போதிய அளவு மெல்லியது. வெட்ட வேண்டியதில்லை. மெல்லிய ஏட்டின் மேல் ஒரு சொட்டு விட்டுக் காய வைத்தால் போதும். 1939-ல் கௌஷே, ஃபான்குக் என்ற இரு விஞ்ஞானிகளுடன் சேர்ந்து ஹெல்மட் ருஸ்கா புகையிலை நோய் வைரஸின் படத்தை வெளியிட்டார். மனிதர்கள் அதன் உருவத்தைப் படத்தில் பார்த்தது அப்போதுதான்! திரவமும் இல்லை, ஒன்றும் இல்லை. குச்சி குச்சியாகக் கிடந்தது! ஒரு குச்சியின் நீளம் சுமார் 300 நானோமீட்டர், தடிமன் 18 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு வரிசையாக அடுக்க மூவாயிரத்துக்கும் மேல் வேண்டும். அடுத்த ஆண்டே, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களையும் ஹெல்மட் படம் பிடித்துவிட்டார்.

1940-ல் வெளி விஞ்ஞானிகள் வந்து ஆராய்ச்சி செய்ய நான்கு எலக்ட்ரான் நுண்ணோக்கிகளுடன் ஓர் ஆய்வகம் திறந்தார்கள். அதற்குத் தலைவரும் ஹெல்மட்தான். இரண்டாம் உலகப் போரில் 1944-ல் விமானத் தாக்குதலில் அது அழிந்துபோனது. போர் முடிந்த பிறகு அண்ணன் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். 1954-ல் வந்த அவருடைய எல்மிஸ்கோப் என்ற கருவி உலகின் பல நாடுகளுக்குப் போனது.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன். 2020-ல் கொரோனா வைரஸின் படத்தை வண்ண வண்ணமாகப் பார்த்திருப்பீர்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியின் படத்தில் நிறமே கிடையாது, வெறும் கறுப்பு வெள்ளைதான்! நிறம் என்பது ஒளியின் சமாசாரம். அந்தச் சிவப்பும் பச்சையும் பின்னால் கம்ப்யூட்டரில் பூசியவை. கொரோனா குடும்பத்து வைரஸ்களை 1960-களில் லண்டனில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர் ஜூன் அல்மெய்டா என்ற பெண்மணி. சுற்றிலும் ஒளிவட்டம் போலத் தெரிந்ததால்தான் அதற்குக் கொரோனா என்று பெயர்.

ஐம்பத்தைந்து ஆண்டுக் காத்திருப்பு

1931-ல் தொடங்கிய வேலைக்கு நோபல் பரிசு எப்போது வந்தது தெரியுமா? 1986-ல்! இயற்பியல் பரிசில் பாதி எர்ன்ஸ்ட் ருஸ்காவுக்கு. மறுபாதி, அணுக்களையே தடவிப் பார்ப்பது போல இயங்கும் வேறு வகை நுண்ணோக்கியை உருவாக்கிய பின்னிக், ரோரர் இருவருக்கும். பரிசு வழங்கும் விழா டிசம்பர் 10 அன்று நடந்தது. இரண்டு வாரம் கழித்து ருஸ்காவுக்கு 80-வது பிறந்தநாள்.

நோபல் பரிசை இறந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை. ஃபான் போரிஸ் 1956-லும், நோல் 1969-லும், தம்பி ஹெல்மட் 1973-லும் காலமாகிவிட்டார்கள். பரிசுப் பட்டியலில் எர்ன்ஸ்ட் பெயர் மட்டும் இருப்பதற்கு அவர் நீண்ட நாள் வாழ்ந்ததும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவரும் 1988 மே மாதத்தில் மறைந்தார்.

பரிசு பெற்றவர்கள் தங்கள் ஆராய்ச்சியைப் பற்றி ஓர் உரை நிகழ்த்துவது வழக்கம். ருஸ்கா தம் நோபல் உரையில் சுருள்களையும் காந்தங்களையும் பற்றி நிறையச் சொன்னார். தம்பியைப் பற்றியும் ஸீபெக்கின் கடிதத்தைப் பற்றியும் சொன்னார். அப்பாவின் மரப்பெட்டியையும், குமிழைத் திருக அவர் விடாததையும்கூட மறக்காமல் சொல்லிவிட்டார்!